சேலத்தில் வணிக வளாகம் வைத்திருப்பவர்களுக்கு: கார்பன் கணக்கு போடுவதும் இலக்கு வைப்பதும்

ஓமலூர் மெயின் ரோட்டிலோ சாரதா கல்லூரிச் சாலையிலோ நான்கு மாடி வளாகம் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவருக்கு, கீழ்த்தளத்தில் இருக்கும் வங்கியின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வரலாம்: 'உங்கள் கட்டடத்தின் கடந்த ஆண்டு கார்பன் உமிழ்வு எவ்வளவு? குறைக்க என்ன இலக்கு வைத்திருக்கிறீர்கள்?' பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 முதல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கேட்கும், சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு பற்றிய பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையைக் கட்டாயம் தர வேண்டும். அதில் மின்சாரம், எரிபொருள், உமிழ்வு எல்லாம் கேட்கப்படுகின்றன. அவர்களுடைய கிளை உங்கள் கட்டடத்தில் இருந்தால் கேள்வி உங்களிடமும் வந்து நிற்கும்.

உடனே 'நெட் ஜீரோ 2040' (2040-க்குள் நிகர உமிழ்வு பூஜ்யம்) என்று பதில் எழுதிவிடாதீர்கள். முதலில் கணக்கு, பிறகுதான் இலக்கு. கணக்கில் பெருக்கலும் கூட்டலும் தவிர வேறு வித்தை கிடையாது. சிக்கலெல்லாம் யாருடைய மீட்டரை யார் கணக்கில் எழுதுவது என்பதில்தான். வளாகத்தின் மின்சாரத்தில் பெரும்பங்கு கடைக்காரர்களின் மீட்டரில் ஓடுகிறது. அதை ஒதுக்கிவிட்டு, மாடிப்படி விளக்குக்கும் லிஃப்டுக்கும் மட்டும் இலக்கு வைப்பது வெறும் பேச்சு.

முதலில் எல்லை போடுங்கள்

ஒரு தாளில் உங்கள் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ இருக்கும் கட்டடங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மொத்தப் பரப்பு, வாடகைக்கு விட்ட பரப்பு, மின் இணைப்புகளின் சர்வீஸ் நம்பர்கள், ஜெனரேட்டர், ஏ.சி. யாருடையது என்பதைக் குறியுங்கள். ஐந்து ரோடு கடையின் இணைப்பு இன்னும் அப்பா பெயரில் இருக்கும். குரங்குச்சாவடிக் கிடங்கின் இணைப்பு பழைய வாடகைதாரர் பெயரில் இருக்கும். இதெல்லாம் இந்தத் தாளில்தான் வெளிச்சத்துக்கு வரும்.

உலகம் முழுக்கப் பயன்படும் ஜி.எச்.ஜி. புரோட்டோகால் என்ற கணக்கு முறை உமிழ்வை மூன்றாகப் பிரிக்கிறது. உங்கள் இடத்திலேயே எரிவதும் கசிவதும் ஸ்கோப் 1: ஜெனரேட்டர் டீசல், சமையல் கேஸ், ஏ.சி. வாயுக் கசிவு. நீங்கள் வாங்கிப் பயன்படுத்தும் மின்சாரம் ஸ்கோப் 2. உங்கள் தொழிலால் வேறு இடத்தில் நேர்வது ஸ்கோப் 3. கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஓட்டும் ஏ.சி.யின் மின்சாரம் உங்களுக்கு ஸ்கோப் 3, அதில் 13-ஆம் வகை. அவருக்கு அதுவே ஸ்கோப் 2. ஒரே யூனிட் இருவர் கணக்கிலும் வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்த முறையே அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது.

சுவிட்ச் யார் கையில் என்பதை வைத்துப் பிரிப்பதற்குச் செயல்பாட்டுக் கட்டுப்பாட்டு முறை என்று பெயர். வாடகைக் கட்டடங்களுக்கு இதுவே பொருத்தம். முதல் ஆண்டில் எந்த முறையை எடுத்தீர்களோ அதையே தொடருங்கள். நடுவில் மாற்றினால் உமிழ்வு குறைந்ததுபோல் ஒரு பொய்த் தோற்றம் வரும்.

மீட்டர் அறையும் பில்லும்

ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓராண்டு எடுத்துக்கொள்ளுங்கள். எல்.டி. (தாழ்வழுத்த) இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பதால் பில்லின் தேதி நிதியாண்டோடு ஒட்டாது. மார்ச் 12 முதல் மே 10 வரை 60 நாளுக்கு 5,400 யூனிட் என்றால் ஒரு நாளுக்கு 90. மார்ச்சில் விழும் 20 நாளுக்கான 1,800 யூனிட் போன ஆண்டுக்கு, மீதி 3,600 இந்த ஆண்டுக்கு. இதைச் செய்யாமல் ஆறு பில்லை அப்படியே கூட்டினால், கோடைப் பில் ஒன்று அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ விழுந்து ஆண்டுக் கணக்கைக் கோணலாக்கிவிடும்.

பில்லில் மூன்று இடங்களில் தவறு நடக்கிறது. ரூபாயை வைத்து யூனிட்டைப் பின்னோக்கிக் கணக்கிடுவது முதல் தவறு. நிலைக் கட்டணமும் வரியும் அதில் கலந்திருக்கும். இரண்டாவது, எச்.டி. (உயரழுத்த) பில்லில் கே.வி.ஏ. டிமாண்ட் எண்ணை, அதாவது ஒரே நேரத்தில் இழுத்த உச்ச அளவை, யூனிட் என்று எடுத்துவிடுவது. மூன்றாவது சி.டி. மீட்டர், அதாவது பெரிய இணைப்பின் மின்னோட்டத்தைச் சிறிதாக்கி அளக்கும் மீட்டர். 200/5 சி.டி. போட்ட இணைப்பில் மீட்டர் காட்டும் வித்தியாசத்தை 40-ஆல் பெருக்க வேண்டும். மீட்டரில் 600 நகர்ந்திருந்தால் உண்மையில் ஓடியது 24,000 யூனிட். பெரிய துணிக்கடையின் மீட்டரைக் காவலாளியை விட்டுப் படித்து எழுதச் சொல்லும் இடங்களில் இந்த 40 மடங்கு காணாமல் போகிறது.

யூனிட் கையில் வந்ததும் அதை உமிழ்வு எண்ணால் பெருக்குங்கள். மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் எண் 2023-24-க்கு யூனிட்டுக்கு 0.727 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அந்தந்த ஆண்டுக்கு அந்தந்த ஆண்டின் எண்ணையே போட வேண்டும். 'மேட்டூர் அணை பக்கத்தில்தானே, நமக்கு வருவது புனல் மின்சாரம்' என்று சிலர் வாதிடுவார்கள். 2013 டிசம்பர் 31-இல் தென்னக மின்கட்டமைப்பு நாட்டின் மற்ற கட்டமைப்போடு இணைந்துவிட்டது. எண்ணும் நாடு முழுமைக்கும் ஒன்றுதான். அணையும் சேர்ந்திருக்கிறது, அதே ஊரின் அனல் மின் நிலையமும் சேர்ந்திருக்கிறது.

இந்த எண் மின் நிலையத்தின் வாசலில் கணக்கிடப்படுவது. கம்பியில் வழியில் இழக்கும் மின்சாரம் ஸ்கோப் 3-இல் தனி வரியாக வரும்.

டீசல்

லிட்டருக்கு 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. பங்க்கில் வாங்கிய ரசீதைக் கூட்டுவது மட்டும் போதாது. ஏப்ரல் 1 காலை டாங்க்கில் இருந்தது, அதோடு ஆண்டில் வாங்கியது, அதிலிருந்து மார்ச் 31 இரவு மீதி இருந்ததைக் கழித்தது; இதுதான் எரித்த டீசல். ஜெனரேட்டரில் மணி மீட்டர் இருக்கும். லிட்டரை ஓடிய மணியால் வகுத்துப் பாருங்கள். ஒரு மாதம் மட்டும் திடீரென்று உயர்ந்தால் ஒன்று குறிப்பு தவறு, இல்லையென்றால் டீசல் வேறு எங்கோ போகிறது. கடைகளுக்கும் அந்த ஜெனரேட்டரிலிருந்தே லைன் கொடுத்திருந்தாலும் எரிப்பவர் நீங்கள், ஆகவே முழுவதும் உங்கள் ஸ்கோப் 1.

ஏ.சி. வாயு: கணக்கில் விட்டுப்போகும் பெரிய வரி

ஏ.சி. சர்வீஸ் பில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். 'கேஸ் சார்ஜிங் – 2 யூனிட்' என்று எழுதி, எதிரே ஒரு தொகை, கீழே கையெழுத்து. எந்த வாயு, எத்தனை கிலோ என்பது இருக்காது. அந்த ஒரு வரிக்குள் உங்கள் ஜெனரேட்டரின் ஓராண்டு உமிழ்வைவிட அதிகம் ஒளிந்திருக்கலாம்.

ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ காற்றில் கலந்தால் 1,924 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆர்-32 என்றால் 677. ஆர்-134ஏ என்றால் 1,300. இவை ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஐந்தாம் மதிப்பீட்டு அறிக்கை எண்கள். வேறு பதிப்பின் எண்ணைப் போட்டால் சற்று மாறும், எதைப் போட்டீர்கள் என்று அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள். பழைய ஸ்ப்ளிட்டுகளில் இருக்கும் ஆர்-22-க்கு 1,760. ஆனால் அது ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குள் வரும் வாயு என்பதால் ஸ்கோப் 1-இல் சேர்க்காமல் தனியாகக் காட்ட வேண்டும்.

மூடிய குழாய்க்குள் ஓடும் வாயு தேய்ந்து தீராது. குறைந்திருந்தால் கசிந்திருக்கிறது. ஆகவே ஆண்டில் மறுபடி நிரப்பிய கிலோதான் கசிந்த கிலோ. இதற்குச் செய்ய வேண்டியது எளிது: மெக்கானிக் வரும்போது சிலிண்டரைத் தராசில் வைத்து, நிரப்புவதற்கு முன்னும் பின்னும் எடை எழுதச் சொல்லுங்கள். ஆர்-410ஏ கலவை வாயு என்பதால் அழுத்தத்தை மட்டும் பார்த்துப் போடுவது தப்பு. எடை வைத்து, திரவமாக இறக்குவதுதான் முறை. தராசு இல்லாமல் வருபவரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

எங்கே கசிகிறது? பெரும்பாலும் வெளி யூனிட்டின் ஃபிளேர் நட்டில். செம்புக் குழாய் நுழையும் அந்தப் பித்தளை நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் ஒட்டிய கறுப்புத் தூசும் தெரிந்தால் அங்கே சோப்பு நுரை தடவுங்கள், குமிழி விடும். கசிவை அடைக்காமல் ஒவ்வொரு மார்ச்சிலும் வாயு மட்டும் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

ஒரு மாதிரிக் கணக்கு

40,000 சதுர அடி, 14 கடை இணைப்புகள், ஒரு பொது இணைப்பு, ஒரு ஜெனரேட்டர், மேல் மாடியில் உரிமையாளரின் பொறுப்பில் வி.ஆர்.எஃப். ஏ.சி. (ஒரே வெளி யூனிட்டில் பல அறைகள் இணைவது) என்று ஒரு கற்பனை வளாகத்தை வைத்துக்கொள்வோம்.

பொது மீட்டர்: 62,000 யூனிட் × 0.727 = 45.1 டன்
கடைகளின் மீட்டர்: 4,10,000 யூனிட் × 0.727 = 298.1 டன்
டீசல்: 3,200 லிட்டர் × 2.68 = 8.6 டன்
ஆர்-410ஏ நிரப்பியது: 9 கிலோ × 1,924 = 17.3 டன்
மொத்தம்: 369.1 டன்

சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று பார்க்க 40,000-ஐ 10.764-ஆல் வகுத்தால் 3,716 சதுர மீட்டர். ஆக சதுர மீட்டருக்கு 99 கிலோ. வாயு வரி டீசலைப்போல் இரண்டு மடங்கு. கடைகளின் வரி மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு. முதல் முறை கணக்கு போடுபவர்கள் ஜெனரேட்டர் புகையைத்தான் பெரிதாக நினைத்திருப்பார்கள். இந்த ஐந்து வரியைப் பார்த்த பிறகு எங்கே கை வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தண்ணீர் லாரி, ஊழியர் போக்குவரத்து, குப்பை ஆகியவை ஸ்கோப் 3-இல் சிறு வரிகள். முதல் ஆண்டு இவற்றில் நேரத்தைக் கரைக்க வேண்டாம். புதுக் கட்டடம் எழுப்பும் ஆண்டில் மட்டும் சிமெண்ட், கம்பி, கண்ணாடியின் பில்களைத் தனிக் கோப்பில் வையுங்கள். அந்த ஓராண்டில் அவையே மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும் அளவுக்கு வரும்.

கடைக்காரரின் பில்லை எப்படி வாங்குவது

கேட்டவுடன் தரமாட்டார்கள். யூனிட்டைப் பார்த்தால் வியாபாரம் எவ்வளவு என்று தெரிந்துவிடுமோ என்ற தயக்கம் இருக்கும். அது நியாயமான தயக்கம்தான். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள்தான் சரியான நேரம். 11 மாத ஒப்பந்தம் என்றால் ஆண்டுக்கொரு வாய்ப்பு வருகிறது. அதில் இப்படி ஒரு வரி சேர்க்கலாம்: 'வாடகைதாரர் தமது மின் கட்டண ரசீதின் நகலை ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பின்னும் 15 நாள்களுக்குள் உரிமையாளருக்குத் தருவார், உரிமையாளர் அதைக் கட்டடத்தின் ஆற்றல் கணக்குக்கு மட்டுமே பயன்படுத்துவார், பிறருக்குக் காட்டமாட்டார்.' இரண்டாம் பாதிதான் முக்கியம். அது இல்லாமல் முதல் பாதிக்குக் கையெழுத்து கிடைக்காது.

இன்னும் இரண்டு வரிகள் உண்டு. புதிதாக மாட்டும் ஏ.சி. 5 நட்சத்திரமாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. வாயு நிரப்பினால் பெயரும் கிலோவும் எழுதிய பில் நகல் தர வேண்டும் என்பது மற்றொன்று.

தராதவருக்கு என்ன செய்வது? அதே தொழில் நடத்தும் வேறொரு கடையின் யூனிட்டைச் சதுர அடியால் வகுத்து, அந்த விகிதத்தை இவருடைய பரப்புக்குப் போட்டு, பக்கத்தில் 'மதிப்பீடு' என்று எழுதுங்கள். செல்போன் கடையின் விகிதத்தைப் பேக்கரிக்குப் போடாதீர்கள். பேக்கரியில் ஓவனும் ஃப்ரீசரும் நாள் முழுக்க ஓடுகின்றன.

காலியான கடையையும் கவனியுங்கள். இரண்டு தளம் காலியாகி மின்சாரம் குறைந்தால் அதைச் சாதனை என்று எழுதக் கூடாது. ஆட்கள் இருந்த பரப்பு, எத்தனை மாதம் இருந்தார்கள் என்பதை வைத்துச் சதுர மீட்டர் கணக்கையும் சேர்த்துக் காட்டினால்தான் படிப்பவருக்கு உண்மை தெரியும்.

இலக்கு

குறைப்பை எதோடு ஒப்பிடுகிறோமோ அந்த அடிப்படை ஆண்டாக, கட்டடம் வழக்கம்போல் இயங்கிய ஆண்டை எடுங்கள். 2020-21 கூடாது, ஊரடங்கில் கடைகள் மூடிக் கிடந்த ஆண்டு அது. புவி வெப்பம் 1.5 டிகிரிக்குள் நிற்க வேண்டும் என்பதற்கு எஸ்.பி.டி.ஐ. என்ற பன்னாட்டு அமைப்பு வைத்திருக்கும் பொதுவான அளவு, அடிப்படை ஆண்டின் உமிழ்வில் ஆண்டுக்கு 4.2 சதவீதக் குறைப்பு. பத்தாண்டில் 42 சதவீதம். மாதிரி வளாகத்துக்கு இந்த வேகத்தை எல்லா வரிக்கும் சேர்த்துப் போட்டால் 369 டன் 214 ஆக வேண்டும். குறைக்க வேண்டியது 155 டன்.

அதை எங்கிருந்து எடுப்பது என்று வரி வரியாக எழுத முடியாவிட்டால் இலக்கை வெளியே சொல்லாதீர்கள்.

கசிவை 9 கிலோவிலிருந்து 2 கிலோவுக்குக் கொண்டுவந்தால் 13.5 டன். இதுதான் எல்லாவற்றிலும் மலிவு, முதல் ஆண்டே முடியும். கடைகளின் மின்சாரத்தில் பாதி ஏ.சி. என்று வைத்து, பத்தாண்டில் அதில் 30 சதவீதம் குறைத்தால் 61,500 யூனிட், 44.7 டன். அதற்கு எல்லா ஏ.சி.யையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். சேலம் வெயிலில் வெளி யூனிட்டுகளைக் கட்டடத்தின் குறுகிய டக்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். கீழ் யூனிட் கக்கும் வெப்பக் காற்றை மேல் யூனிட் இழுக்கும். மேலே போகப் போகக் கம்ப்ரஸர் திணறும். அவற்றை மொட்டை மாடிக்கோ திறந்த சுவருக்கோ மாற்றுவதே பாதி வைத்தியம். மீதிக்கு ஏ.சி.யை 24 டிகிரியில் வைப்பது, கோடைக்கு முன் காயில் கழுவுவது, மொட்டை மாடிக்கு வெள்ளை பூச்சு. பெயர்ப் பலகை விளக்கு, கடை விளக்கு, மின்விசிறி ஆகியவற்றை மாற்றி 30,000 யூனிட் மிச்சம் பிடித்தால் 21.8 டன்.

சோலார்: 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். நாளுக்குச் சராசரி 4 யூனிட் என்று வைத்தால் 30 கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 43,800 யூனிட், 31.8 டன். லிஃப்ட் அறை, தண்ணீர் டாங்க், விளம்பரப் பலகை ஆகியவற்றின் நிழல் காலையிலும் மாலையிலும் எங்கே விழுகிறது என்று மொட்டை மாடியில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு அப்புறம் கொட்டேஷன் கேளுங்கள். பேனலை போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்தபின் வெள்ளை உப்புப் படை நிற்கும், அது வெயிலையே மறைக்கும். மாநகராட்சிக் குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரில், கண்ணாடி சூடேறும் முன் காலையில் கழுவுங்கள். மின்கட்டமைப்புக்கு ஏற்றுமதியான யூனிட்டைக் கடைகளின் மின்சாரத்திலிருந்து கழிக்கக் கூடாது. கட்டடத்துக்குள்ளேயே பயன்பட்டதுதான் குறைப்பு.

இதுவரை 111.8 டன். இன்னும் 43 டன் நிற்கிறது. அதற்குப் பசுமை மின்சாரம் வாங்க வேண்டியிருக்கும். 2022-இல் வந்த பசுமை ஆற்றல் திறந்த அணுகல் விதிகளின்படி 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் மின் சுமை உள்ளவர்கள் பசுமை மின்சாரத்தை உற்பத்தியாளரிடமிருந்து நேரடியாக வாங்கலாம். தனித்தனி எல்.டி. இணைப்பு வைத்திருக்கும் சிறு கடைகளுக்கு அந்தக் கதவு எளிதில் திறக்காது. புதுக் கட்டடம் திட்டமிடும்போதே ஒரே எச்.டி. இணைப்பும் உள்ளே சப்-மீட்டர்களும் போடலாமா என்று மின் ஆலோசகரிடம் பேசிவிடுங்கள். பசுமை மின்சாரம் வாங்கினாலும் அறிக்கையில் இரண்டு எண் வர வேண்டும்: நாட்டுச் சராசரியை வைத்து ஒன்று, வாங்கிய ஒப்பந்தத்தை வைத்து ஒன்று. இரண்டாவதை மட்டும் காட்டுவது முறையல்ல.

ஏற்காட்டில் விடுதி வைத்திருந்தால்

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிவிட்டால் கணக்கின் முகமே மாறிவிடும். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் ஏ.சி. சின்ன வரி, வெந்நீர்தான் பெரிய வரி. 100 லிட்டரை 18 டிகிரியிலிருந்து 45-க்குச் சூடாக்க 3.14 யூனிட் வெப்பம் வேண்டும். சாதாரண மின் கீசரில் அது 2.3 கிலோ உமிழ்வு. அதே வெந்நீரை 80 சதவீதத் திறனுள்ள கேஸ் கீசரில் போட்டால் சுமார் 0.3 கிலோ எல்.பி.ஜி., அதாவது 0.9 கிலோ உமிழ்வு. ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் வெப்பம் தரும் ஹீட் பம்ப் என்றால் 0.76 கிலோ. மின்சாரம் என்றாலே சுத்தம் என்று எண்ணி கேஸை எடுத்துவிட்டு மின் கீசர் மாட்டினால் உமிழ்வு இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். இன்றைய மின்சாரத்தில் மாற்றினால் ஹீட் பம்ப்புக்கு மாற்றுங்கள். குளிர் இரவில் அதன் திறன் குறையும்; மதியமே ஓடி டாங்க்கை நிரப்பும்படி டைமர் வைத்து, டாங்க்குக்கும் குழாய்க்கும் நல்ல உறை போடுங்கள். சூரிய வெந்நீர்க் கருவி வெயில் நாளில் அருமை. மூடுபனி இறங்கும் மாதங்களுக்குத் துணை ஏற்பாடு இல்லாமல் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

சமையலறையின் 19 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு 57 கிலோ உமிழ்வு. இரவில் விருந்தினருக்காக மூட்டும் விறகுத் தீயின் கார்பன் டை ஆக்சைடைத் தனியே காட்டுங்கள். அதோடு வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் ஸ்கோப் 1-இல் சேரும்.

விடுதியோடு காப்பித் தோட்டமும் வைத்திருப்பவர்கள் கேட்பது ஒன்று உண்டு: 'எஸ்டேட்டில் இவ்வளவு சில்வர் ஓக் நிற்கிறதே, அது இழுப்பதைக் கழித்துக்கொள்ளலாமா?' கூடாது. அந்த மரங்கள் கணக்குக்கு முன்பும் நின்றன. நாளை வெட்டி விற்றால் அந்தக் கார்பன் திரும்பி வரும். மரத்தின் கணக்கு தனிப் பக்கத்தில், அளந்த சுற்றளவோடும் எண்ணிக்கையோடும் இருக்கட்டும். வெட்டிய மரமும் அதே பக்கத்தில், அதே ஆண்டில் எழுதப்பட வேண்டும். விடுதியின் குறைப்பு இலக்கு கீசரிலும் ஜெனரேட்டரிலும் சமையலறையிலும்தான் நிறைவேற வேண்டும்.